வால் வைத்த கத்தி

மனிதன் கத்தியை ஆயுதமாக அல்லாமல் அன்றாடக் கருவியாகச் சுமக்கத் தொடங்கிய காலமுதலே அவனுக்கு இரண்டு கவலைகள் இருந்து வந்திருக்கின்றன. உபயோகியாத வேளையில் அதன் கூர் தன் உடம்பிலும் உடையிலும் படாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்று; உபயோகிக்க நேரும்போது அது தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கவலைக்கு உறை பரிகாரமாயிற்று; ஆயினும் உறையிட்ட கத்தி இடுப்பில் தொங்கும், நடக்கும்போது இடிக்கும், போதாக்குறைக்கு அதிகாரிகளின் கண்ணையும் உறுத்தும். பிடியையே உறையாக்கி, அலகை அதனுள் மடக்கிவைத்த கத்தி இந்தச் சங்கடங்களையெல்லாம் ஒருவாறு தீர்த்துச் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் இரண்டாவது கவலையை அது முன்னைவிட வளர்த்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஒரு கையால் மரக்கிளையையோ, கட்டவிழ்க்க வேண்டிய கயிற்றையோ, மருந்திட வேண்டிய ஆட்டின் காலையோ பிடித்துக்கொண்டிருப்பவன், மறுகையால் பையிலிருந்து எடுத்த கத்தியை விரிப்பதற்கு மூன்றாவது கைக்கு எங்கே போவான்?

மடக்குக் கத்தி மிகப் பழைய சாதனம். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னும் உப்புச்சுரங்க ஊரில், கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்தாறு நூற்றாண்டுகளுக்கு முந்திய எலும்புப்பிடி மடக்குக் கத்தி அகப்பட்டிருக்கிறது. ரோமானியர் எலும்பிலும் வெண்கலத்திலும் விலங்கு உருவங்கள் செதுக்கி இத்தகைய கத்திகளை ஏராளமாகச் செய்தனர். இவற்றில் அலகை நிறுத்திவைத்தது ஆணியின் இறுக்கம் ஒன்றுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கொல்லர்கள் 17ஆம் நூற்றாண்டில் பிடியின் முதுகில் ஓர் எஃகு வில்லை வைத்து, அலகு விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் நழுவாமல் நிற்கும்படி செய்தார்கள். கத்தி உறுதிப்பட்டது; அந்த உறுதிக்கு விலையாகத் திறப்பது கடினமாயிற்று. அலகின் பக்கத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் நகத்தை மாட்டி, மறுகையால் பிடியைப் பற்றிக்கொண்டு இழுத்தாலன்றி அந்த வில் இணங்காது. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890இல் ஜோசப் ஓபினெல் என்ற இளைஞர், தம் தந்தையின் பட்டறையில் மரப்பிடி வைத்து உழவருக்கென்று உருவாக்கிய மலிவான கத்தி வில்லையும் துறந்தது. உலகத்தின் உத்தமமான எளிய கத்திகளில் அது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. மழைக்காலத்தில் அதன் மரப்பிடி ஊறி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும்போது பிடியின் அடியை மேசையில் தட்டித் திறக்கும் சவோய்க்காரரின் சாமர்த்தியத்தையும் மெச்சுகிறேன். ஆனால் அதற்கும் நகப்பள்ளமே கதி. இரண்டு கைகள் வேண்டும்.

இவ்வளவுக்கும் தீர்வு நாவிதரின் பெட்டிக்குள்ளேயே பல தலைமுறைகளாக இருந்தது. மடக்குச் சவரக்கத்தியை எடுத்துப் பாருங்கள். அலகின் அடிப்பாகம் ஆணியைத் தாண்டி ஒரு சிறு வாலாக வெளியே நீண்டிருக்கும். அந்த வாலை விரலால் அழுத்தினால் அலகு தானாக மேலே எழும். இந்த வாலை வேலைக்காரனின் பைக்கத்திக்கு மாற்றி, சாமானியர் எவரும் வாங்கக்கூடிய விலையில் லட்சக்கணக்கில் செய்து விற்ற பெருமை ஜப்பானின் மீகி என்னும் சிற்றூரைச் சேரும்.

கோபே துறைமுகத்துக்கு வடமேற்கே, பழைய ஹரிமா நாட்டில் உள்ளது மீகி. அவ்வூரின் தொழில்வளம் ஒரு கொடிய முற்றுகையிலிருந்து பிறந்தது. ஓதா நொபுனாகாவின் சேனாபதியாக அந்நாட்டுக்கு வந்த ஹிதேயோஷி, மீகிக் கோட்டையை 1578 முதல் 1580 வரை வளைத்துக்கொண்டு, சுற்றிலும் காவல் அரண்களை எழுப்பி, தானியம் செல்லும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து, உள்ளிருந்தவர்களைப் பட்டினியால் பணியவைத்தார். கோட்டைத் தலைவர் பெஷோ நகாஹாரு தம் மக்களை உயிரோடு விட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வென்றவருக்குக் கிடைத்தது சாம்பலும் பாழ்மனைகளும். குடிகளைத் திரும்ப அழைப்பதற்காக ஹிதேயோஷி ஊருக்கு வரியை நீக்கினார். வரியில்லாத ஊர் என்ற செய்தி பரவியதும், எரிந்த வீடுகளையும் கோயில்களையும் மீண்டும் கட்டத் தச்சர்கள் நாலாபுறத்திலிருந்தும் வந்தார்கள். தச்சருக்கு உளியும் இழைப்புளியும் ரம்பமும் அடித்துக் கொடுக்கக் கொல்லர்கள் அவர்களைத் தொடர்ந்து வந்தார்கள். கட்டட வேலை முடிந்ததும் தச்சர்கள் வேறு ஊர்களுக்கு வேலை தேடிச் சென்றபோது, அவர்கள் கையிலிருந்த கருவிகளே மீகிக்கு விளம்பரமாயின. இன்றும் ரம்பம், உளி, இழைப்புளி, கொத்தனாரின் கரணை, சிறுகத்தி ஆகிய ஐந்தும் அவ்வூரின் மரபுக் கைவினைகளாக ஜப்பானிய அரசாங்கத்தால் 1996இல் அங்கீகரிக்கப்பட்டுள்ளன.

மெய்ஜி அரசாங்கம் 1876இல் சாமுராய்கள் பொது இடங்களில் வாள் தரிப்பதைத் தடை செய்ததை இக்கதையின் தோற்றுவாயாகப் பலர் எழுதுகிறார்கள். வாள் அடித்துப் பிழைத்த கொல்லர் பலர் அந்த ஒரே ஆணையினால் சோற்றுக்கு வழியற்றுப்போய், சமையற்கத்திக்கும் அரிவாளுக்கும் இறங்கிவந்தார்கள் என்பது நாடு முழுவதற்கும் பொதுவாக உண்மைதான். ஆனால் மீகி வாளை நம்பிப் பிழைத்த ஊரன்று, தச்சுக் கருவியை நம்பிப் பிழைத்த ஊர். ஆகையால் அங்கே இக்கத்தி பிறந்ததற்கு வியாபாரமே நேரான காரணம் என்று நான் கருதுகிறேன். அவ்வூரில் வழங்கும் செய்தியும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. 1890களின் நடுவில், ஷிகெமாட்சு தசாபுரோ என்ற இரும்புச்சாமான் வியாபாரி தெற்கே கியூஷூ தீவுக்குப் போனவர், அங்கே கண்ட ஒரு சிறுகத்தியை மாதிரியாகக் கொண்டுவந்து, முராகாமி தெய்ஜி என்ற கொல்லரிடம் கொடுத்து அதைப் போல் செய்யச் சொன்னாராம். செய்த சரக்கு பெரும்பாலும் கியூஷூவின் ஹிகோ நாட்டிலேயே, அதாவது இன்றைய குமமோட்டோவிலேயே, விலைபோயிற்று. வாங்குகிறவர்களைக் குளிரவைப்பதற்காக, அந்நாட்டு அதிபதிக்குரிய ‘ஹிகோ நோ கமி’ என்ற பட்டத்தையே கத்திக்குச் சூட்டினார்கள். நாலு காசுக் கத்திக்கு நாடாளும் பட்டம்! வியாபாரிகளின் சாதுரியம் எல்லாத் தேசங்களிலும் ஒன்றுதான்.

கத்தியின் அமைப்பைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பிடி என்பது நீளவாக்கில் மடித்த ஒரே தகடு. ஆதியில் இரும்புத் தகடு மிகுதி, இப்போது பித்தளையே பெருவழக்கு. அதன் ஒரு கோடியில் அலகை ஊடுருவி ஒரு ரிவெட். வில் கிடையாது, பூட்டுக் கிடையாது, திருகாணி கிடையாது. தகடு, அலகு, ரிவெட் ஆகிய மூன்றோடு பொருள் முடிந்துவிட்டது. அலகின் அடியிலிருந்து ஆணிக்கு அப்பால் எழும்பி நிற்பதுதான் வால்; ஜப்பானியர் அதைச் ‘சிகிரி’ என்கிறார்கள். கத்தி மடிந்திருக்கும்போது வால் பிடியின் தலைப்பில் துருத்திக்கொண்டிருக்கும். பிடியை நான்கு விரல்களால் அணைத்துக்கொண்டு, கட்டைவிரலால் வாலைப் பின்னோக்கி அழுத்தினால், அலகு பிடியை விட்டு எழுந்து அரைவட்டம் சுற்றி நேர்கோட்டில் வந்து நிற்கும். அந்த வால் அப்போது பிடியின் முதுகின்மேல் சப்பையாகப் படிந்துவிடும். புதிதாக வாங்கிய கத்தியில் ரிவெட் இறுக்கமாக இருப்பதால் கட்டைவிரல் சற்று நோகத்தான் செய்யும். பழகப் பழக இணங்கும்.

இனி, இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொருளை அறுக்கும்போது அதன் எதிர்ப்பு அலகின் கூரைத் தாக்கி, அலகை அதன் முதுகுப் பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளத் தள்ள வால் பிடியின் முதுகில் மேலும் அழுந்துகிறதே தவிர, கத்தி மடிவதில்லை. அறுக்கிறவனுடைய கட்டைவிரல் சுபாவமாகவே வாலின்மேல் அமர்ந்திருக்கும். அந்தக் கட்டைவிரலே பூட்டு. ஆனால் அதே கத்தியை முனையால் குத்தப் பிரயோகித்தால், கட்டைவிரல் சற்றே விலகிய கணத்தில் அலகு மடிந்து குத்துகிறவனுடைய விரலையே பதம் பார்க்கும். அறுக்கிறவனுக்குப் பணிந்து, குத்துகிறவனைத் தண்டிக்கும் கருவி இது. ரிவெட் தளர்ந்துபோனால் அதன் தலையைக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் இலேசாக இரண்டு தட்டுத் தட்டினால் போதும். தீட்டுவதும் அவ்வளவே எளிது: அலகின் சரிவு அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால், அந்தச் சரிவை முழுவதும் படியவைத்துச் சாணைக்கல்லில் தேய்க்க வேண்டியதுதான், கோணம் பார்க்கும் தொல்லை இல்லை.

அலகும் மட்டமான சரக்கன்று. உயர்ந்த வகைகளில், இருபுறமும் மென்மையான இரும்பு இருக்க, நடுவே கூருக்குரிய கடினமான எஃகை வைத்துக் காய்ச்சி ஒட்டி அடிக்கிறார்கள். கடினமான எஃகு கூரைக் காக்கும். மென்மையான இரும்பு அலகு ஒடியாமல் காக்கும். ஷிமானே மாகாணத்து யாசுகி ஆலையில் உருக்கும் நீலத்தாள் எஃகு என்பது இதற்குப் பிரசித்தமானது. துருவேறாத இனம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஒரு மாங்காயை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால், சிறிது நேரத்துக்கெல்லாம் அலகு கருநீலமாகிவிடும். அந்தக் கறையால் கெடுதியில்லை. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் இட்டுவந்தால் துரு அண்டாது.

மீகிக் கொல்லர்கள் விரைவிலேயே ஒரு சங்கம் அமைத்து, பெயரை வாணிகக் குறியாகப் பதிந்து, சங்கத்தார் அல்லாதவர் அதைப் பொறிக்கலாகாது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். பள்ளிக்கூடங்களில் தூரிகை போய்ப் பென்சில் வந்ததும், ஊர்தோறும் கடைகளில் இக்கத்தி சிறுவரின் கைக்கெட்டும் பொருளாயிற்று. பென்சில் சீவுவது சாக்கு. உண்மையில் அவர்கள் அதைக் கொண்டு மூங்கிலைச் செதுக்கி, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிப் பறக்கவிடும் மூங்கில் தும்பியும், பட்டத்துக்குச் சட்டமும், நீர்ப்பீச்சியும் செய்தார்கள். விரலை அறுத்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு; காயம் ஆறும்வரை சும்மா இருந்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். இரண்டு மூன்று தலைமுறை ஜப்பானிய ஆண்பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளில் இது இல்லாத பை அபூர்வம்.

இந்தப் பெருவாழ்வு 1950களின் கடைசியில் ஆட்டம் கண்டது. அது கத்திகளுக்கு உலகெங்கும் கெட்ட காலம். பொத்தானை அழுத்தினால் வில்லின் விசையால் துள்ளி விரியும் கத்திகளைப் பற்றி அமெரிக்காவில் பெரும் பீதி கிளம்பி, 1958இல் அவற்றின் மாகாணங்களுக்கிடையேயான வாணிபத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிரிட்டன் மறு வருஷமே அவற்றைச் செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. ஜப்பானும் அதே 1958இல் துப்பாக்கி, வாள்களுக்கான புதிய சட்டத்தை இயற்றியது. இரண்டாண்டு கழித்து, 1960 அக்டோபர் 12 அன்று, டோக்கியோவின் ஹிபியா மண்டபத்தில் மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசானுமா இனேஜிரோவை 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். பத்திரிகைப் படங்கள் தேசத்தை உலுக்கின. அவன் பிரயோகித்தது பழங்காலத்துக் குறுவாள். பென்சில் சீவும் கத்திக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் சிறுவர் கையில் கூரான எதுவும் இருக்கலாகாது என்ற இயக்கம் பெற்றோரிடையேயும் ஆசிரியரிடையேயும் பரவி, சொன்னேனே, குத்தினால் குத்துகிறவனையே வெட்டும் அந்த எளிய கத்தியைப் பள்ளிகளிலிருந்து துரத்தியடித்தது. வாள் செய்த குற்றத்துக்கு வால் கத்தி தண்டனை அனுபவித்தது.

எனினும் பழியை முழுவதும் சட்டத்தின்மேலும் அச்சத்தின்மேலும் சுமத்துவது நியாயமாகாது. ஒசாகாவில் அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் வேலையில் இருந்த ஒகாடா யோஷியோ என்பவர், மழுங்கிப்போகும் சவர பிளேடுகளோடு தினம் மல்லாடி அலுத்து, உடைந்த கண்ணாடியின் கூரால் தோலறுக்கும் செருப்புத் தைப்பவர்களையும், யுத்தத்துக்குப் பின் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் கொடுத்த, கோடுகளில் ஒடித்துத் தின்னும் சாக்லேட்டையும் மனத்தில் சேர்த்து யோசித்து, மழுங்கிய நுனியைக் கோட்டில் ஒடித்தெறிந்து அடுத்த கூரை முன்னே தள்ளும் கத்தியை 1956இல் கண்டுபிடித்தார். நம்மூர்ப் பெட்டிக்கடையிலும் ‘கட்டர்’ என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அதன் மூதாதை அதுதான்; அவர் வகுத்த 9 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர் என்ற அலகு அகலங்களே இன்றுவரை உலகத்தாருக்குப் பிரமாணமாக இருக்கின்றன. கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும். ஒரு கை போதும். தீட்டத் தெரிய வேண்டியதில்லை. மின்சாரப் பென்சில் சீவியும் வீடுகளுக்கு வந்து சேர்ந்த பிறகு, வால் கத்திக்குச் செய்ய என்ன வேலை மிஞ்சியது? மீகியின் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமையோடு எஞ்சியிருப்பது நாகாவோ கனேகோமா பட்டறை ஒன்றே.

பைக்கத்தியை ஒரு கையால் திறக்கும் ஆசை இதற்குள் வேறொரு கண்டத்தில் முளைத்தது. அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், சால் கிளெஸர் நடத்திய ஸ்பைடர்கோ என்னும் கம்பெனி 1981இல் வெளியிட்ட மடக்குக் கத்தியின் அலகில் ஒரு வட்டமான துளை இருந்தது. கட்டைவிரலின் சதை அத்துளையில் பதிந்து அலகைச் சுழற்றிவிடும். பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப்பும், விரிந்த அலகைப் பிடித்துக்கொள்ளப் பூட்டும் இருந்தன. துளையும் கிளிப்பும் பின்னர் உலகம் முழுவதும் பரவி, துளைக்குப் பதிலாகக் குமிழ் வைத்தவர்களும், அலகின் பின்புறத்தில் சிறு துடுப்பு வைத்து ஆள்காட்டி விரலால் தட்டித் திறப்பவர்களுமாகப் பலர் தோன்றினார்கள். அந்த முதல் அமெரிக்கக் கத்தியைச் செய்தவர்கள், ஜப்பானின் செகி நகரத்துத் தொழிலாளர்கள். மீகி மறந்த விஷயத்தைச் செகியின் கைகள் அமெரிக்கருக்காகச் செய்தன.

ஒரு கையால் திறப்பது, திறந்ததும் பூட்டிக்கொள்வது என்ற இரண்டும் சேர்ந்தவுடன் சட்டம் மறுபடி விழித்துக்கொண்டது. ஜெர்மனி 2008இல் அவ்விரண்டும் ஒருங்கே உள்ள கத்திகளைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்லலாகாது என்றது. ஜப்பானியச் சட்டமும், 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைக் காரணமின்றிச் சுமக்கத் தடை விதிக்கும்போது, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டும், அகலத்துக்கும் கனத்துக்கும் வரம்பு கட்டி, 8 சென்டிமீட்டர் வரை சலுகை காட்டுகிறது. பூட்டு இல்லாமையைக் குறையென்று சொல்லி வாங்காமல் போகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

நாகானோ மாகாணத்தின் ஐசோமே தொடக்கப் பள்ளியில், 1980களிலிருந்து, முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு இந்தக் கத்தியைக் கொடுத்து, பென்சில் சீவவும் தீட்டவும் பழக்குகிறார்கள். மீகியின் கடைசிப் பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்தும் கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். எனினும் சாதாரண வகையின் விலை சில ஆயிரம் யென்னைத் தாண்டுவதில்லை. சீனாவின் யாங்ஜியாங் நகரத்திலிருந்து, குமிழும் பூட்டும் உருளைக்குண்டுச் சுழற்சியும் கூடிய மடக்குக் கத்திகள் இப்போது அதே விலைக்கும் அதற்குக் கீழும் வந்து குவிகின்றன. அவற்றிலும் நல்லவை உண்டு. எதை வாங்கினாலும் எஃகின் பெயரைக் கேட்டு மயங்குவதற்குமுன், கத்தியை மடக்கி வெளிச்சத்தில் பிடித்து அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விரித்துவைத்து நுனியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். பூட்டு உள்ளதானால் அலகின் முதுகை மரக்கட்டையில் மெல்லத் தட்டி, பூட்டு நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளுக்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போவதே உசிதம். பழத்துக்கும் கயிற்றுக்கும் பென்சிலுக்கும், தோட்டத்தில் ஒட்டுக்கட்டவும் என்றால் என் ஓட்டு வால் கத்திக்கே. நாள் முழுவதும் அட்டைப்பெட்டி பிரிக்கிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பசை ஒட்டிய அலகை ராத்திரி உட்கார்ந்து சுரண்டித் தீட்ட அவர்களுக்கு ஏது நேரம்? ஒகாடாவின் கட்டரே அவர்களுக்குப் போதும்.